ஸ்லிப்பர் ஆர்க்கிட் ஏன் பூக்கவில்லை? அறிகுறி பார்த்துக் கண்டுபிடிப்பது

இலை பளபளவென்று இருக்கிறது. மூன்று வருடமாகத் தண்ணீர் ஊற்றியாயிற்று. பூவை மட்டும் காணோம். செருப்பு மாதிரி பையுள்ள பூ விடும் ஸ்லிப்பர் ஆர்க்கிடை வளர்ப்பவர்கள் பலருடைய புலம்பல் இது. நானும் புலம்பியவன்தான். ஒரு செடி என்னை ஐந்து வருடம் காக்க வைத்தது. அதில் மூன்று வருடம் முழுக்க என் தப்பு.

எந்த அறிகுறியைத் தேடி வந்திருந்தாலும் சரி, முதலில் ஒரு விஷயம். இந்தச் செடி வாழை மாதிரி. குலை தள்ளிய வாழை மறுபடி தள்ளாது, பக்கக் கன்றுதான் தள்ள வேண்டும். ஸ்லிப்பர் ஆர்க்கிடிலும் விசிறி போல விரிந்து நிற்கும் ஒவ்வொரு தூரும் ஒரே ஒரு முறைதான் பூக்கும். பூத்த பிறகு அதன் அடியில் கன்று கிளம்பும். அந்தக் கன்று வளர்ந்து ஆளானால்தான் அடுத்த பூ. வேறு பல ஆர்க்கிடுகளுக்குத் தண்ணீரும் சத்தும் சேர்த்து வைக்க அடியில் குமிழ் இருக்கும். இதற்கு அதுவும் கிடையாது. இலையும் வேரும்தான் சேமிப்பு, அந்த வேரும் எண்ணிக்கையில் கொஞ்சம்தான். அதனால் கோளாறு எதுவானாலும் நான் முதலில் பார்ப்பது இரண்டு: கன்று எந்த நிலையில் இருக்கிறது, வேர் எப்படி இருக்கிறது.

கீழே சொல்வதெல்லாம் பெரும்பாலும் பாஃபியோபெடிலத்துக்கு. ஆசியக் காடுகளிலிருந்து வந்த இந்த இனத்தைத்தான் வீட்டில் அதிகம் வளர்க்கிறார்கள். வளர்ப்பவர்கள் செல்லமாக 'பாஃப்' என்பார்கள். அமெரிக்க வெப்பமண்டலத்தின் ஃபிராக்மிபீடியம் எங்கெங்கே மாறுபடுகிறதோ அங்கே சொல்கிறேன்.


இலை செழிப்பு, பூ இல்லை

முதலில் வயதைப் பாருங்கள். விதையிலிருந்து வந்த சாதாரணக் கலப்பினம் பூக்கவே மூன்று முதல் ஐந்து வருடம் ஆகும். ஒரே தண்டில் பல பூ விடும் பெரிய வகைகளுக்கு இன்னும் அதிகம். போர்னியோவின் கினபாலு மலையைச் சேர்ந்த ராத்ஸ்சைல்டியானம் பத்து வருடத்துக்கு மேல் காக்க வைப்பது சகஜம். குட்டிச் செடியாக வாங்கியிருந்தால் கோளாறே இல்லாமல் இருக்கலாம், வயசுதான் வரவில்லை.

வயசு வந்ததா என்று பார்க்க ஒரு சுலபமான வழி உண்டு. சட்டியில் எப்போதோ பூத்த தூர் ஒன்று இருந்தால், நடுவில் காய்ந்த பூந்தண்டின் அடிக்கட்டை தெரியும். அந்தத் தூரின் இலை நீளத்தையும் புதுத் தூரின் இலை நீளத்தையும் ஒப்பிடுங்கள். புதியது அதற்குச் சமமாகவோ பெரிதாகவோ இருந்தால் தயார். சிறியதாக இருந்தால் செடி பின்னோக்கிப் போகிறது என்று பொருள்; வேரைப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு கன்றும் முந்தியதைவிடச் சின்னதாக வந்துகொண்டிருக்கும் செடியிடம் பூவை எதிர்பார்ப்பதில் பயனில்லை.

இன்னொரு வீட்டில் அதே பெயருள்ள செடி பூத்துவிட்டது என்று வருத்தப்பட வேண்டாம். பாஃப்களைத் திசு வளர்ப்பில் நகல் எடுப்பது கடினம். பெரும்பாலானவை விதையிலிருந்து வந்தவை. பெயர் ஒன்றாக இருந்தாலும் ஒவ்வொன்றும் தனிப் பிறவி. ஒரே குடும்பத்துப் பிள்ளைகள் மாதிரி, ஒன்று சீக்கிரம் பூக்கும், ஒன்று தாமதிக்கும்.

வயது சரி என்றால் அடுத்தது வெளிச்சம். என் மூன்று வருடம் போனது இங்கேதான். 'நிழல் விரும்பி' என்று படித்துவிட்டு, இருட்டு விரும்பி என்று எடுத்துக்கொண்டேன். அறையின் உள்மூலையில் வைத்திருந்தேன். இலை கரும்பச்சையாக, நீளமாக, சட்டி விளிம்பைத் தாண்டித் தொங்கியது. பார்க்க அழகுதான். வருகிறவர்கள் எல்லாம் "என்ன பச்சை!" என்றார்கள். அந்தப் பச்சைதான் நோய்.

சோதிப்பது இப்படி: வானம் தெளிவாக இருக்கும் நண்பகலில் இலைக்கு ஓர் அடி மேலே கையை நீட்டுங்கள். இலையில் கையின் நிழல் விரல் விரலாகக் கூர்மையாக விழுந்தால் வெளிச்சம் அதிகம். நிழல் விழுகிறது, ஆனால் ஓரம் மங்கலாகக் கரைந்திருக்கிறது என்றால் சரியான அளவு. நிழலே தெரியவில்லை என்றால் இலை வளரும், பூ வராது. எண்ணில் சொல்வதானால் பெரும்பாலான பாஃப்களுக்கு 10,000 முதல் 15,000 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) போதும். பல பூ விடும் வகைகளுக்கு 20,000 லக்ஸும் அதற்குச் சற்று மேலும் வேண்டும். வெளிச்சம் அளக்கும் செல்போன் செயலி காட்டும் எண் துல்லியமாக இருக்காது. ஆனால் ஜன்னலோரத்துக்கும் உள்மூலைக்கும் உள்ள வித்தியாசத்தைக் காட்டிவிடும். அந்த வித்தியாசம் கண்ணுக்குத் தெரிவதைவிட மிக அதிகம். நம் கண் இருட்டுக்குப் பழகி ஏமாற்றும், இலை ஏமாறாது.

எல்இடி விளக்கு வைத்து வளர்த்தால் நாளுக்கு 12 மணி நேரம் போதும். இடத்தை மாற்றினால் ஒரே நாளில் ஜன்னலோரத்துக்குத் தள்ளிவிடாதீர்கள். இரண்டு வாரம் எடுத்து, கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்துங்கள். இருட்டில் வளர்ந்த இலை வெயிலில் ஒரே மதியத்தில் வெந்துபோகும். அந்த வெள்ளைத் தழும்பு அந்த இலை இருக்கும்வரை இருக்கும்.

மூன்றாவது இரவுக் குளிர். இதற்கு இலையைப் பார்த்தே ஓரளவு சொல்லலாம். இலையில் கரும்பச்சையும் வெளிர்பச்சையும் திட்டுத்திட்டாகக் கோலம் போட்டிருந்தால் அநேகமாக வெதுவெதுப்பு விரும்பும் வகை. இரவு 16–18 டிகிரிக்குக் கீழே இறங்க வேண்டியதில்லை. காலோசம், அதையும் லாரன்சியானத்தையும் சேர்த்து உருவாக்கிய மாடியே கலப்பினம் எல்லாம் இந்தக் கூட்டம். இலை குறுகலாக, கோலமில்லாமல் ஒரே பச்சையாக இருந்தால் பெரும்பாலும் குளிர் விரும்பி. காசி மலைகளின் இன்சிக்னே, கிழக்கு இமயமலையின் ஃபேரியானம் போன்றவற்றுக்குக் கோடை முடிந்ததும் சில வாரங்கள் இரவு வெப்பம் 10–13 டிகிரிக்கு இறங்கினால்தான் மொட்டு கட்டும் எண்ணமே வரும். இந்த விதிக்கு விலக்கு உண்டு: ஃபிலிப்பினென்ஸ், ராத்ஸ்சைல்டியானம் போல அகலப் பச்சை இலையுள்ள, பல பூ விடும் வகைகள் வெப்பத்தையே விரும்பும்.

உங்கள் இடத்தில் இரவு எப்போதும் 22 டிகிரிக்குக் கீழே போகாது என்றால் குளிர் விரும்பியோடு மல்லுக்கட்டாதீர்கள். குளிர்சாதன அறையில் வைத்துப் பார்த்தவர்கள் உண்டு. அங்கே காற்று வறண்டு வேறு தொல்லை வரும். வகையை மாற்றிவிடுவது நல்லது. மாடியே, நிவியம், ப்ரிமுலினம் மூன்றும் வெப்பத்தில் பூக்கும்.

நான்காவது, பிரித்து வைக்கும் ஆசை. இரண்டு தூர் வந்ததும் இரண்டு சட்டி ஆக்கத் தோன்றும். வேண்டாம். ஒரு பங்குக்குக் குறைந்தது மூன்று தூராவது சேர்ந்திருக்கட்டும். இந்தச் செடிக்குக் கூட்டுக் குடும்பம்தான் பிடிக்கும். பழைய தூர் பூத்து ஓய்ந்தபின்னும் கன்றுக்குச் சோறு போட்டுக்கொண்டிருக்கும். தனிக்குடித்தனம் வைத்த ஒற்றைத் தூர் மறுபடி பூக்க இரண்டு மூன்று வருடம் எடுத்துக்கொள்ளும்.

உரத்தைப் பலர் முதலில் சந்தேகிப்பார்கள். நான் கடைசியில்தான் சந்தேகிப்பேன். பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவில் கால் பங்கைக் கரைத்து, வளரும் பருவத்தில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஊற்றினால் போதும். 'பூ உரம்' என்று பாஸ்பரஸ் கூட்டிப் போட்டுப் பூ வந்த செடியை நான் பார்த்ததில்லை. நுனி கருகிய செடிகளைப் பார்த்திருக்கிறேன்.

எதை மாற்றினாலும் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். இந்தச் செடி பதில் சொல்ல ஒரு வருடம் எடுத்துக்கொள்ளும். வெளிச்சம், உரம், சட்டி மூன்றையும் ஒரே மாதத்தில் மாற்றிவிட்டு அடுத்த வருடம் பூ வந்தால் எதனால் வந்தது என்று யாருக்குத் தெரியும்? என்ன செய்தேன், எந்தத் தேதியில் செய்தேன் என்று சட்டியில் சொருகிய அட்டையில் பென்சிலால் எழுதிவிடுவேன். பேனா மை வெயிலில் போய்விடும், பென்சில் போகாது.


செடி ஆடுகிறது, இலை துவள்கிறது

தண்ணீர் போதவில்லை என்று நினைத்து இன்னும் ஊற்றுவோம். பெரும்பாலும் நேர்மாறு: ஊற்றியதை உறிஞ்ச வேர் இல்லை. இலையின் நடுவைப் பிடித்து மெதுவாக ஆட்டிப் பாருங்கள். சட்டியோடு சேர்ந்து அசைந்தால் வேர் இருக்கிறது. செடி மட்டும் தனியாக, ஆடும் பல் மாதிரி அசைந்தால் வேர் போய்விட்டது.

கவிழ்த்துப் பார்க்கத்தான் வேண்டும். சட்டியைச் சாய்த்து, பக்கவாட்டில் தட்டி, செடியின் அடியைப் பிடித்து இழுங்கள். செடி நட்டிருக்கும் மரப்பட்டைக் கலவை கையில் எப்படி வருகிறது என்று கவனியுங்கள். நல்ல பட்டைத் துண்டு கடினமாக, மழை பெய்த காட்டு மண் வாசனையோடு இருக்கும். மக்கியது கருத்து, காப்பித் தூள் மாதிரி பிசுபிசுக்கும், புளித்த வாடை வரும். பட்டைக் கலவை ஒன்று முதல் இரண்டு வருடத்தில் இந்த நிலைக்கு வந்துவிடும். மேலே பார்த்தால் தெரியாது. மேல் அடுக்கு காய்ந்து நல்லபடியாகத்தான் இருக்கும், அழுகல் நடுவில் இருக்கும்.

அடுத்து வேர். இங்கே நான் செய்த தப்பைச் சொல்லியாக வேண்டும். ஃபலனாப்சிஸ் என்ற வேறு ஆர்க்கிடை வளர்த்துப் பழகிய கை என்னுடையது. அதில் வெள்ளையும் பச்சையும் நல்ல வேர், பழுப்பு செத்த வேர். முதல் பாஃபைக் கவிழ்த்தபோது எல்லா வேரும் பழுப்பு. கத்தரியை எடுத்து ஒன்றுவிடாமல் வெட்டித் தள்ளினேன். அப்புறம்தான் தெரிந்தது, பாஃப் வேரின் இயல்பான நிறமே பழுப்பு. மேலே பூனை முடி மாதிரி மெல்லிய ரோமம் வேறு இருக்கும். அந்தச் செடி பிழைக்கவில்லை.

நிறத்தை நம்பாதீர்கள், விரலை நம்புங்கள். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து லேசாக அழுத்துங்கள். கெட்டியாக இருந்தால் உயிரோடு இருக்கிறது. நசுங்கி, தோல் மட்டும் கழன்று, உள்ளே நூல் மாதிரி ஒன்று மிஞ்சினால் செத்தது, அதை வெட்டலாம். வளரும் நுனி மட்டும் வெளிர் நிறத்தில் இருக்கும். ஒரு வேரில் அப்படி நுனி தெரிந்தாலும் நம்பிக்கை இருக்கிறது.

இரண்டு மூன்று நல்ல வேராவது மிஞ்சியிருந்தால், அவை அடங்குகிற அளவுக்குச் சின்னச் சட்டியில், புதிய பொடிப் பட்டைத் துண்டும் பெர்லைட்டும் (தோட்டக் கடையில் கிடைக்கும் லேசான வெள்ளைக் கல் துகள்) கலந்து வையுங்கள். 'வளரட்டும்' என்று பெரிய சட்டி எடுத்தால் நடுக் கலவை காயாமல் மறுபடி அழுகும். வேரே இல்லை என்றால் ஈரம் பிழிந்த ஸ்பாக்னம் பாசியை அடியில் சுற்றி, ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் பையால் தளர்வாக மூடி, வெயில் படாத வெளிச்சத்தில் வையுங்கள். உரம் கூடாது. மூன்று நான்கு மாதம் ஒன்றுமே நடக்காது. தோண்டிப் பார்க்கும் கையை அடக்குவதுதான் இதில் கஷ்டம்.

ஃபிராக்மிபீடியத்தில் கதை வேறு. பெசியே போன்ற வகைகள் ஓடையோரத்துப் பிறவிகள். சட்டிக்கு அடியில் வைத்த தட்டில் ஒன்றிரண்டு சென்டிமீட்டர் தண்ணீர் நின்றாலும் வேர் அழுகாது, காய்ந்தால்தான் போகும். பாஃபுக்கு அந்தத் தட்டைக் காட்டாதீர்கள்.


கன்று வந்தது, ஆனால் நின்றுவிட்டது

குனிந்து பக்கவாட்டில் பாருங்கள். கன்று கலவைக்கு மேலே தொங்கிக்கொண்டிருக்கிறதா? பாஃபின் புதிய வேர் புதிய கன்றின் அடியிலிருந்துதான் வரும். அந்த அடி ஈரக் கலவையைத் தொடவில்லை என்றால், வேர் அரை சென்டிமீட்டர் நீண்டு காற்றில் காய்ந்து நுனி கருகிவிடும். வேர் இல்லாத கன்று தாயின் மடியிலேயே இருந்துகொண்டு வளராமல் நிற்கும். ஒவ்வொரு கன்றும் முந்தியதைவிடச் சற்று உயரத்தில் கிளம்புவது இந்தச் செடியின் சுபாவம். அதனால்தான் வருடத்துக்கு ஒருமுறை கலவை மாற்றும்போது செடியை ஒரு சென்டிமீட்டர் கீழே இறக்கி வைக்கிறோம். உடனே மாற்ற முடியாவிட்டால் கன்றின் அடியைச் சுற்றிக் கொஞ்சம் ஈரப் பாசி வைத்தாலே போதும். குருத்துக்குள் மட்டும் பாசி போகக் கூடாது.

ஆர்மேனியாக்கம், மைக்ராந்தம் இரண்டும் கன்றைப் பக்கத்தில் விடாது. மண்ணுக்கடியில் கொடி மாதிரி ஓட விட்டு, சட்டியின் மறு ஓரத்தில் விடும். ஒருமுறை கன்று வரவே இல்லை என்று நினைத்து ஆர்மேனியாக்கத்தைத் தூக்கினால், அடித் துளை வழியாக வெளியே வந்து இரண்டு இலையோடு நிற்கிறது.


உறை வந்தது, மொட்டு கருகியது

உறை என்பது குருத்திலிருந்து மொட்டை மூடிக்கொண்டு வரும் மடல். எல்லாவற்றிலும் மனசு நோகும் அறிகுறி இது. காரணங்களில் முதலிடம் குருத்தில் தேங்கும் தண்ணீருக்கு. பாஃபின் இலைகள் சேரும் இடம் ஒரு கிண்ணம் மாதிரி. சரியாக அதன் நடுவில்தான் மொட்டு உட்கார்ந்திருக்கும். மாலையில் தெளித்த தண்ணீர் இரவெல்லாம் அங்கே நின்றால் மொட்டு உள்ளேயே அழுகும். காலையில் ஊற்றுங்கள், கலவையில் மட்டும் ஊற்றுங்கள். தவறி உள்ளே போய்விட்டால் ஒரு காகிதத்தைத் திரியாக முறுக்கிக் குருத்தில் விட்டால் உறிஞ்சிவிடும்.

மற்ற காரணங்கள்: மொட்டு நேரத்தில் ஒருமுறை நன்றாகக் காயவிட்டது, வெப்பக் காற்றோ குளிர்சாதனக் காற்றோ நேராக அடிப்பது, பழுக்கும் பழக் கூடைக்குப் பக்கத்தில் வைத்தது. பழம் விடும் எத்திலீன் வாயு மொட்டைக் கருக்கும். பழத்தையோ செடியையோ நகர்த்துங்கள்.

ஆனால் கருகிவிட்டது என்று முடிவுகட்டும் முன் ஒரு சோதனை செய்யுங்கள். உறை பழுப்பானால் மொட்டும் போயிற்று என்று அர்த்தமில்லை. இரவில் விளக்கை அணைத்துவிட்டு, உறைக்குப் பின்னால் டார்ச்சைப் பிடியுங்கள். செல்போன் விளக்கும் போதும். பச்சை வெளிச்சத்தின் நடுவே பயறு அளவுக்கு ஓர் இருண்ட உருவம் தெரிந்தால் மொட்டு உள்ளே இருக்கிறது. வாரத்துக்கு ஒருமுறை பார்த்தால் அது மேலேறுவதும் தெரியும். உறை ஒரே சீராக ஒளி ஊடுருவினால் உள்ளே இப்போதைக்கு ஒன்றுமில்லை. அதற்காக உறையை வெட்டவேண்டாம்; சில வகைகள் வெற்று உறையோடு மாதக்கணக்கில் நின்றுவிட்டு அப்புறம் மொட்டு விடும்.

அதே போல மொட்டு வெளியே வந்து அசையாமல் நிற்பதும் எப்போதும் கோளாறு இல்லை. மைக்ராந்தம், ஆர்மேனியாக்கம் இரண்டும் குளிர்காலத்துக்கு முன் மொட்டைக் காட்டிவிட்டு, பனி முடிந்து வசந்தம் வரும்வரை அப்படியே உட்கார்ந்திருக்கும். மொட்டு கெட்டியாகவும் பச்சையாகவும் இருக்கிறவரை விட்டுவிடுங்கள்.


இலையின் அடியில் பழுப்பு ஈரம், கெட்ட வாடை

இதற்கு மட்டும் நாளைக்கு என்று தள்ளாதீர்கள். பாக்டீரியா அழுகல் ஒரே நாளில் ஒரு தூரையே தின்றுவிடும். கண்ணாடி மாதிரி நீர் கோத்த பழுப்புத் திட்டு, தொட்டால் கொழகொழப்பு, மீன் அழுகின வாடை. கத்தியைத் தீயில் காட்டி ஆறவிட்டு, திட்டுக்கு அப்பால் நல்ல பச்சைத் திசு ஒரு சென்டிமீட்டர் சேர்த்து வெட்டி எடுங்கள். வெட்டுவாயில் மூன்று சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு ஊற்றினால் நுரைக்கும், நுரை அடங்கியதும் துடைத்து, பட்டைப் பொடி தூவுங்கள் (சமையலறை இலவங்கப்பட்டைதான், ஆர்க்கிட் பட்டை இல்லை). பொடி வேரில் படக் கூடாது, அது வேரை உலர்த்திவிடும். அப்புறம் மூன்று நாலு நாள் தண்ணீர் வேண்டாம், மின்விசிறிக் காற்று லேசாகப் படட்டும். குருத்தே போய்விட்டால் அந்தத் தூர் முடிந்தது. ஆனால் அடிக்கட்டை கெட்டியாக இருந்தால் தூக்கி எறியாதீர்கள். பக்கத்தில் கன்று கிளம்பிய செடிகள் நிறைய உண்டு.

ஒவ்வொரு செடிக்கும் நடுவில் கத்தியை மறுபடி தீயில் காட்டுங்கள். ஆர்க்கிடில் வைரஸ் பரவுவது பெரும்பாலும் வளர்ப்பவரின் கத்தியால்தான்.


இலை நுனி கருப்பாகக் காய்கிறது

தண்ணீரில் உப்பு அதிகம், அல்லது உரம் சேர்ந்துபோனது. சட்டியின் விளிம்பைப் பாருங்கள். வெள்ளையாகப் பொருக்கு கட்டியிருந்தால் சந்தேகமே வேண்டாம். தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் இருந்தால், பாஃபுக்கு 200 பிபிஎம்முக்குள், ஃபிராக்மிபீடியத்துக்கு 100 பிபிஎம்முக்குள் இருப்பது நல்லது. மழைத் தண்ணீரோ சுத்திகரித்த தண்ணீரோ கிடைத்தால் அதையே ஊற்றுங்கள். மாதம் ஒருமுறை உரமில்லாத தண்ணீரைச் சட்டியின் கொள்ளளவைப் போல மூன்று நாலு மடங்கு ஊற்றி, உப்பை அடித்துக்கொண்டு போக விடுங்கள். கருகிய நுனி திரும்பப் பச்சையாகாது. புதிய இலையின் நுனியைத்தான் கவனிக்க வேண்டும்.

சுண்ணாம்புப் பாறையில் வளரும் வகைகளுக்குச் சிப்பித் தூள் ஒரு கரண்டி போடுவது வழக்கம். நல்லதுதான். ஆனால் டெலனாட்டியைக்குப் போடாதீர்கள். வியட்நாமின் கருங்கல் மலைகளில், அமில மண்ணில் வளர்வது அது.


இலை மஞ்சளாகிறது

எந்த இலை? பூத்து முடிந்த தூரின் அடி இலை என்றால் கவலைப்பட ஒன்றுமில்லை, வயசாகி உதிர்கிறது. தானாகக் கழலும்வரை விடுங்கள். செடி முழுவதும் வெளிர் மஞ்சளாகி, இலை குட்டையாக விறைத்து நின்றால் வெளிச்சம் அதிகம். புது இலை மட்டும் மஞ்சளாக வந்தால் வேரைப் பாருங்கள். சில வகைகளின் இலை அடியில் ஊதாப் புள்ளிகள் இருக்கும்; அது நோய் இல்லை, பிறவி அழகு.


இடுக்கில் வெள்ளைப் பஞ்சு

மாவுப்பூச்சி. எழுபது சதவீத ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக் குச்சியால் ஒவ்வொன்றாகத் தொடுங்கள். தொட்டதும் வெள்ளை கரைந்து செம்பழுப்பாகும். ஒருமுறை செய்துவிட்டு நிம்மதியாக இருக்க முடியாது. முட்டை பொரிந்து வரும், ஒரு வாரம் பத்து நாள் விட்டு மூன்று தடவையாவது செய்ய வேண்டும். இலைகள் ஒன்றையொன்று தழுவும் அடியிடுக்கில்தான் இது ஒளியும். இலையை லேசாக விலக்கிப் பார்க்காமல் 'போய்விட்டது' என்று சொல்லாதீர்கள். மொட்டு இருக்கும்போது ஆல்கஹால் குருத்துக்குள் வழியவிடக் கூடாது. வேரிலும் இது குடியிருக்கும். திரும்பத் திரும்ப வந்தால் கலவையை மொத்தமாக மாற்றிவிடுங்கள்.

இலை அடிப்புறம் வெள்ளி பூசியது போல மங்கினால் செஞ்சிலந்தி. காற்று ரொம்ப வறண்டிருக்கிறது என்று பொருள்.


பூ கோணலாக, குட்டைத் தண்டில் வந்தது

தண்டு வளரும்போது சட்டியைத் திருப்பியிருப்பீர்கள். வெளிச்சம் வரும் பக்கத்தை நோக்கி மொட்டு தன்னைத் திருப்பிக்கொள்ளும். நாம் திருப்பினால் அது மறுபடி திரும்பும், கழுத்து முறுக்கிக்கொள்ளும். மொட்டு தெரிந்த நாளிலிருந்து பூ விரிந்து ஒரு வாரம் ஆகும்வரை சட்டியை அசைக்காதீர்கள். சட்டி விளிம்பில் ஒரு பொட்டு வைத்துக்கொண்டால், தண்ணீர் ஊற்ற எடுத்தாலும் அதே திசையில் திருப்பி வைக்கலாம். குச்சி கட்டுவதானால் தண்டு பாதி வளர்ந்தபின் கட்டுங்கள்.

முதல் முறை பூக்கும் செடியின் பூவை வைத்து அதை எடை போடவும் கூடாது. இரண்டாவது பூ பெரும்பாலும் பெரிதாகவும் நிமிர்ந்தும் வரும். பூவின் பை ஒரு பக்கம் நசுங்கியிருந்தால் அநேகமாக உறையிலோ இலையிலோ சிக்கியிருந்திருக்கும்.


பூ வாடாமலே கழன்று விழுந்தது

பதறவேண்டாம். இந்தப் பூக்கள் இதழ் இதழாக உதிர்வதில்லை. முழுசாக, அப்போதுதான் பூத்தது மாதிரி பொத்தென்று விழும். ஒற்றைப் பூ ஆறு வாரத்திலிருந்து மூன்று மாதம் வரை நின்றிருந்தால் அதற்கு ஆயுள் முடிந்தது. ஒரு வாரத்தில் விழுந்தால்தான் காரணம் தேட வேண்டும்: வெப்பம், வறட்சி, அல்லது பூச்சி புகுந்து மகரந்தச் சேர்க்கை நடந்தது. செருப்பு மாதிரி இருக்கும் அந்தப் பை ஒரு பொறி. உள்ளே விழுந்த பூச்சிக்கு ஏறி வர ஒரே ஒரு வழி, பின்பக்கம் உள்ள குறுகலான சந்து. அதில் நெருக்கியடித்து வெளியேறும்போது சூலகமுடியையும் மகரந்தத்தையும் உரசிக்கொண்டுதான் போக வேண்டும். தேன் என்று ஒரு சொட்டு கூடக் கிடையாது, சுத்த ஏமாற்று.

தண்டை வெட்டும் முன் அதன் நுனியைப் பாருங்கள். ப்ரிமுலினம், விக்டோரியா ரெஜினா போன்றவை ஒரு பூ விழுந்தபின் அதே தண்டில் அடுத்த மொட்டை விடும். இப்படியே ஒரு வருடத்துக்கு மேலும் போகும். ஃபிராக்மிபீடியத்திலும் பல வகைகள் இப்படித்தான். நுனியில் பச்சையாக ஒரு மொக்கு இருந்தால் கத்தியைக் கீழே வையுங்கள். நுனி காய்ந்துவிட்டால் தண்டை மட்டும் அடியோடு வெட்டலாம். இலையில் கை வைக்க வேண்டாம், கன்றுக்கு அதுதான் சாப்பாடு.

சில வாரம் அல்லது சில மாதத்தில் அடி இலையின் இடுக்கில் கிளி மூக்கு மாதிரி பச்சையாக ஒரு நுனி எட்டிப் பார்க்கும். சில செடியில் பூ இருக்கும்போதே வந்துவிடும். அந்தத் தேதியை அட்டையில் எழுதுங்கள். அங்கிருந்து அடுத்த பூவுக்கு ஒன்று முதல் இரண்டு வருடம். சட்டி மாற்றுவதானால் அந்தக் கன்று சுண்டுவிரல் நீளம் வந்து, அடியில் வேர் நுனி தெரியும்போது மாற்றுங்கள், அதற்கு முன்னால் வேண்டாம்.